‘படலை’ நாடகம்: நாலு வாசிப்பும் நாலு திருத்தமும்

(நூற்றாண்டு ஆண்டை முன்னிட்டுப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு வைத்தியரை மேடைக்கு அழைத்தால் நீரிழிவைப் பற்றியோ முழங்கால் வலியைப் பற்றியோ பேசச் சொல்வதுதான் வழக்கம். இம்முறை எங்கள் செயலாளர் தொலைபேசியில் எடுத்து, “நூற்றாண்டுக்கு நாடகம் எழுதிறீராம், அதைப் பற்றிக் கதையும்” என்றார். நாடகம் இன்னும் மேடையேறவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். “அப்ப மேடையேறாத கதையைச் சொல்லும்” என்று வைத்துவிட்டார்.

இரண்டு வருடமாக எழுதுகிறேன். நாலு தடவை ஆட்களைக் கூட்டி வாசிப்பித்து, நாலு தடவையும் திருத்தி எழுதியிருக்கிறேன். 62 பக்கமாக இருந்தது இப்போது 44 பக்கம். அந்த நாலு வாசிப்புகளிலும் நடந்ததைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

நாடகத்தின் பெயர் ‘படலை’. யாழ்ப்பாணத்தில் ஒரு வீடு. அதில் தனியே இருக்கும் ஒரு தாய். மூன்று பெண்பிள்ளைகளும் மூன்று நாடுகளில். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி வந்து போவாள். தேங்காய் பறிக்க ஒரு பெடியன் வருவான். பிள்ளைகள் தொலைபேசியில் குரலாக மட்டும் வருவார்கள். இதுதான் கதை. இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் பாதிப்பேருக்கு நான் மேற்கொண்டு சொல்லத் தேவையில்லை.

இதற்கு விதை போட்டது என் கிளினிக். மாதாமாதம் வரும் ஓர் அம்மா. அடுத்த திகதியைக் கிளினிக் கொப்பியில் எழுதும்போது, “சனிக்கிழமை மட்டும் வேண்டாம் டொக்டர்” என்பார். ஏன் என்று கேட்டால், அன்றைக்குத்தான் மகள் எடுப்பாளாம். மகள் இரவில்தான் எடுப்பாள். கிளினிக் மத்தியானத்தோடு முடிந்துவிடும். ஆனாலும் அந்த அம்மா சனிக்கிழமை முழுவதும் வீட்டை விட்டு வெளிக்கிட மாட்டார். இதை வீட்டுக்குப் போய் எழுதிவைத்தேன். அதிலிருந்து முதலாம் காட்சி வந்தது.

முதல் வாசிப்பு எங்கள் வீட்டு விறாந்தையில். என் வகுப்புத் தோழிகள் ஆறு பேர், போட்டோக்கொப்பி ஆறு, ஒரு பிளாஸ்க் தேநீர். வாசிப்பு என்றால் என்ன செய்யவேண்டும் என்று எனக்கு அப்போது தெரியாது. நானே தாயின் பாகத்தை வாசித்தேன். அது முதல் பிழை. எழுதியவர் வாசித்தால் எழுத்தில் இல்லாத உணர்ச்சியை எல்லாம் குரலால் நிரப்பிவிடுவார். எழுத்தின் ஓட்டை தெரியாது. இரண்டாவது பிழை, முடிந்தவுடன் “எப்பிடி?” என்று கேட்டது. சிநேகிதிகள் என்ன சொல்வார்கள்? “சோக்காயிருக்கு” என்றார்கள். றோல்ஸ் சாப்பிட்டோம்.

எல்லோரும் போனபின் ஒருத்தி மட்டும் நின்றாள். அவள் தாதிய உத்தியோகத்தர். என்னோடு அதே வைத்தியசாலையில் வேலை செய்தவள். “முதலாம் காட்சியிலை வாற அம்மா ஆரெண்டு எனக்குத் தெரியும்” என்றாள். ஊர், வருத்தம், பிள்ளைகளின் தொகை, கிளினிக் கொப்பிக்குச் சுற்றியிருந்த சீலைத் துண்டின் நிறம் வரைக்கும் அப்படியே எழுதியிருந்தேன். பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று நினைத்திருந்தேன். நோயாளி நம்பிச் சொன்னதை வெளியில் சொல்லக்கூடாது என்று எல்லா மருத்துவ மாணவர்களையும் போல நானும் படித்தவள்தான். ஆனால் நாடகம் எழுதும்போது, கை வேறு ஆளுடையதாகிவிடுகிறது போலும். அந்த ஒரு வாசிப்பு இல்லாமல் இது நேரே மேடைக்குப் போயிருந்தால், அந்த அம்மாவின் ஊரவர்கள் வந்திருந்து பார்த்திருப்பார்கள்.

ஊர், வருத்தம், பிள்ளைகள் எல்லாவற்றையும் மாற்றினேன். கிழமையை மட்டும் விட மனம் வரவில்லை. அடுத்த கிளினிக்கில் அவரிடமே கேட்டேன். சிரித்துவிட்டு, “என்ரை பேரைப் போடாதையுங்கோ. கிழமையை எடுங்கோ” என்றார். உங்களுக்கு இதைச் சொல்வதும் அவருடைய சம்மதத்தோடுதான். அத்துடன், சனிக்கிழமை என்பதும் உண்மையான கிழமை அல்ல.

அதற்குப் பிறகுதான், மற்றவர்கள் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவில் கனெக்ரிக்கட் மாநிலத்தில் ஓநீல் நாடக மையம் என்று ஓர் இடம் இருக்கிறது. 1964 இல் தொடங்கியது. அங்கே புதிய நாடகங்களை நடிகர்கள் எழுத்துருவைக் கையில் வைத்துக்கொண்டே பார்வையாளர் முன் வாசித்து நடிப்பார்கள். எழுதியவர் பார்த்திருந்து மறுபடி எழுதுவார். ஓகஸ்ற் வில்சன் என்ற கறுப்பின நாடகாசிரியர் அங்கே அனுப்பிய பல நாடகங்கள் திரும்பி வந்தன, விடாமல் அனுப்பினார். 1982 இல் ‘மா ரெய்னி’ நாடகம் எடுக்கப்பட்டது. இரண்டு வருடத்தில் அது பிராட்வே மேடைக்குப் போனது.

இது மேல்நாட்டுக்காரர் கண்டுபிடித்த புதுமை என்று நினைக்கவேண்டாம். நான் உள்ளகப் பயிற்சி செய்தது மட்டக்களப்பில். அங்கே கூத்துக்குச் சட்டம் கொடுத்து, கிழமைக்கூத்து ஆடி, சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்து, அதற்குப் பிறகுதான் அரங்கேற்றுவார்கள். இடையில் ஊர்ப் பெரியவர்கள் வந்திருந்து பிழை சொல்வார்கள். தொல்காப்பியம்கூட அதங்கோட்டாசானுக்கு முன் அரங்கேறியது என்றுதான் அதன் சிறப்புப்பாயிரம் சொல்கிறது. நூலோ நாடகமோ, ஆட்களின் முன் வைத்துப் பார்ப்பது எங்களுக்கும் பழைய பழக்கம்.

இந்தப் பாடசாலையிலும் அப்படித்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் படித்த என் வயதினருக்கு நினைவிருக்கும். மின்சாரம் இல்லை, கடதாசிக்குத் தட்டுப்பாடு. தமிழ்த்தினப் போட்டி நாடகத்துக்கு எழுத்துரு ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதுவும் ரீச்சரின் கையில். அவர் வாசிப்பார், நாங்கள் கேட்டுப் பாடமாக்குவோம். எங்கள் வாயில் சிக்குகிற வசனத்தை அந்த இடத்திலேயே பென்சிலால் வெட்டுவார். “வாய்க்குள்ளை நிக்கிற வசனம் சபைக்குப் போகாது” என்பார். அது எழுத்துரு வளர்ப்பு என்று எங்களுக்குத் தெரியாது. பகல் வெளிச்சம் போவதற்குள் முடிக்கவேண்டும் என்ற அவசரம் மட்டும் தெரியும்.

இரண்டாவது வாசிப்பு சூம் மூலம். நாடகத்தில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பவர்கள் என்பதால், அந்தப் பாகங்களை வெளிநாட்டில் இருக்கும் தோழிகளையே வாசிக்கச் சொன்னேன். யாழ்ப்பாணத்தில் மாலை 6.30, லண்டனில் பிற்பகல் 2 மணி, ரொறன்ரோவில் காலை 9 மணி, சிட்னியில் இரவு 11 மணி. இந்த நேரத்தைப் பொருத்துவதற்கே வட்ஸ்அப்பில் ஒரு மாதம் பிடித்தது.

இம்முறை நான் வாசிக்கவில்லை. எழுத்துருவையும் பார்க்கவில்லை. முகங்களைப் பார்த்தேன். எந்த இடத்தில் கண் கீழே போகிறது, எந்த இடத்தில் தேநீர்க் கோப்பையைத் தேடுகிறார்கள் என்று குறித்துக்கொண்டேன். சொல்லாத அபிப்பிராயம் அங்கேதான் இருக்கிறது. வாட்டில் நோயாளியின் கட்டிலடியில் நின்று பழகியவளுக்கு இது கஷ்டமான வேலை அல்ல.

மூன்றாம் காட்சியில் தாய்க்கு வருத்தம். பக்கத்து வீட்டுக்காரி நடு மகளுக்குத் தொலைபேசி எடுத்துக் கொடுக்கிறாள். மகள் சொல்கிறாள்: “இப்ப வரேலாதம்மா, லீவு இல்லை.” நான் அதை ஈவிரக்கமில்லாத ஒரு வசனமாக எழுதியிருந்தேன். இங்கே இருந்து பெற்றோரையும் நோயாளிகளையும் பார்க்கிறவளுக்கு அப்படித்தான் எழுத வந்தது. நடு மகளின் பாகத்தை வாசித்த தோழி அந்த இடத்தில் நின்றுவிட்டாள். இணைப்புத்தான் போய்விட்டது என்று எல்லோரும் நினைத்தோம். பிறகு அவளுடைய கமரா நின்றது. வேறொருத்தி அந்தப் பாகத்தை வாசித்து முடித்தாள். அன்று யாரும் அதிகம் கதைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அவள் எடுத்தாள். கோபமாகத்தான் தொடங்கினாள். “நீ எங்களை எல்லாம் கல்லாக்கிப் போட்டாயடி.” பிறகு சொன்னாள். 2007 இல் அவளுடைய தாய் படுக்கையில். ஏ9 பாதை பூட்டியிருந்த காலம். அவளுக்கோ அங்கே அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரவில்லை. வெளிக்கிட்டால் திரும்பிப் போகமுடியாது. “கார்ட் கிடைக்கேல்லை எண்டு அம்மாவுக்குச் சொன்னால் அவ பயந்துபோவா. என்னைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள் எண்டு நித்திரை கொள்ளமாட்டா. அதுதான் லீவு இல்லை எண்டு சொன்னனான். ஒவ்வொரு கிழமையும் அதைத்தான் சொன்னனான். செத்தவீட்டுக்கும் அதைத்தான் சொன்னனான்.”

என்னிடம் பதில் இருக்கவில்லை. அந்த ஐந்தாறு சொல்லை எழுத எனக்கு அரை நிமிடம்கூட ஆகியிராது. பதினைந்து வருடத்துக்கு மேலாக அவள் அதைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

அந்த வசனத்தை எடுத்துவிடட்டோ என்று கேட்டேன். “எடுக்காதை. அதைச் சொல்லிப்போட்டு நான் என்ன செய்தனான் எண்டு காட்டு” என்றாள். அப்படித்தான் நாடகம் மாறியது. வசனத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆனால் மகள் இப்போது குரலாக மட்டும் இல்லை. மேடையின் இடப்பக்க மூலையில் ஒரு கதிரை, ஒரு ஜாக்கெற், ஒரு தொலைபேசி. அவள் அதைச் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைக்கிறாள். வைத்தபின் ஒரு நிமிடம் எழும்பாமல் இருக்கிறாள். மேடையில் ஒரு நிமிடம் என்பது மிகவும் நீளம். மற்ற இரண்டு பிள்ளைகளுக்கும் அதேபோல ஒவ்வொரு மூலை வந்தது. காணி உறுதியைப் பற்றியும், காசு அனுப்பியதைப் பற்றியும் மட்டும் அவர்கள் கதைத்த பக்கங்கள் பதினொன்றை வெட்டினேன். இங்கே நின்றவள் ஒருத்தியின் குற்றப்பத்திரிகையாகத்தான் அவை இருந்தன என்று அப்போதுதான் விளங்கியது.

இனி அபிப்பிராயம் கேட்பதைப் பற்றிக் கொஞ்சம். லிஸ் லேர்மன் என்ற அமெரிக்க நடனக் கலைஞர் 1990 அளவில் இதற்கென்று ஒரு முறையை வகுத்தார். முதலில் கேட்டவர்கள் தங்கள் மனதில் நின்றதைச் சொல்வார்கள். பிறகு எழுதியவர் தனக்குச் சந்தேகமான இடங்களைப் பற்றிக் கேள்வி கேட்பார். அதற்குப் பிறகு கேட்டவர்கள் கேள்வி கேட்பார்கள். அந்தக் கேள்விக்குள் தீர்ப்பு ஒளிந்திருக்கக்கூடாது. “ஏன் இவ்வளவு நீட்டினீர்?” என்பது கேள்வி அல்ல. கடைசியில்தான் அபிப்பிராயம், அதுவும் “எனக்கொரு அபிப்பிராயம் இருக்கு, சொல்லட்டோ?” என்று எழுதியவரின் சம்மதம் பெற்று. எங்கள் ஊரில் இந்தக் கடைசிப் படியை நடைமுறைப்படுத்துவது கடினம். சம்மதம் கேட்டு அபிப்பிராயம் சொன்ன மாமிமாரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஆனாலும் மூன்றாவது வாசிப்பில் இம்முறை நன்றாக வேலை செய்தது. அது இந்தப் பாடசாலையிலேயே, நாடகமும் அரங்கியலும் படிக்கும் உயர்தர வகுப்புப் பிள்ளைகளோடு நடந்தது. அந்தப் பாடம் இப்போது பாடசாலைகளில் சாதாரணமாகிவிட்டது. அதற்குப் பின்னால் 1978 இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடக்கிய குழந்தை ம. சண்முகலிங்கம் அவர்களைப் போன்றவர்களின் உழைப்பு இருக்கிறது. 1985 இல் அவர் எழுதி க. சிதம்பரநாதன் நெறியாண்ட ‘மண் சுமந்த மேனியர்’ பற்றி அந்தப் பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். என்னைவிட அவர்களுக்கு அரங்கு தெரியும்.

இரண்டாம் காட்சி இழுபடுகிறது என்று ஏழு பேர் சொன்னார்கள். அதைச் சுருக்கினேன், திரும்ப வாசித்தபோதும் இழுபட்டது. வலது தோள்மூட்டில் வலி என்று வருபவருக்குச் சில வேளை பித்தப்பையில் கல் இருக்கும். தோளுக்கு எண்ணெய் பூசிப் பயனில்லை. இங்கேயும் பிழை முதலாம் காட்சியில் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி யார், ஏன் நாளாந்தம் வருகிறாள் என்று நான் அங்கே சொல்லவில்லை. அதனால் இரண்டாம் காட்சி முழுவதும் பிள்ளைகள் அதையே யோசித்துக்கொண்டிருந்தார்கள். முதலாம் காட்சியில் இரண்டு வசனம் சேர்த்தேன். வெட்டியதைத் திரும்பப் போட்டேன். அதற்குப் பிறகு இழுபடவில்லை. வலிக்கிறது என்று கேட்டவர்கள் சொன்னது சரி. எங்கே வெட்டவேண்டும் என்பதை நான்தான் தேடவேண்டியிருந்தது.

பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை கேட்டாள்: “மிஸ், தேங்காய் பறிக்கிற அண்ணாவுக்கு ஏன் ஒரு வசனமும் இல்லை? அவரும் வெளிநாடு போகப்போறாரோ?” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரவு படுத்தபின் சிரிப்பு வரவில்லை. 2022 இல் கடவுச்சீட்டுக்கு வரிசையில் நின்ற இளம் பிள்ளைகளை நாங்கள் எல்லோரும் கண்டோம். அதற்குப் பிறகு எத்தனை வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போனார்கள் என்பதை எங்கள் வாட்டுகளில் இருப்பவர்கள் அறிவார்கள். நாடகம் 2007 ஐயே பார்த்துக்கொண்டிருந்தது. மரத்தில் ஏறி நின்றவனை ஏறிட்டும் பார்க்கவில்லை. இப்போது அவன் கதைக்கிறான். நாலாம் காட்சியில் கடவுச்சீட்டுப் படத்துக்கு நல்ல சேட் ஒன்று கேட்டு அந்த அம்மாவிடம் வருகிறான். அவர் தன் செத்துப்போன கணவனின் சேட்டை எடுத்துக் கொடுக்கிறார். (என் மகளும் இப்போது ஆங்கிலப் பரீட்சை ஒன்றுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். அந்தக் காட்சியை எழுத எனக்கு அதிக நாள் எடுத்தது.)

எல்லா ஆலோசனையையும் நான் எடுக்கவில்லை. பகிடிக்கு ஒரு பாத்திரம் வேண்டும் என்றார்கள். நூற்றாண்டு நாடகம் என்பதால் தாய் இந்தப் பாடசாலையைப் புகழவேண்டும், கடைசியில் பாடசாலைக் கீதம் ஒலிக்கவேண்டும் என்று விழாக் குழுவில் சிலர் அன்போடு கேட்டார்கள். கீதம் தொடக்கத்தில் ஒலிக்கட்டும். தாயை விட்டுவிடுங்கள் என்றேன். அவர்கள் இன்னும் முழுதாகச் சம்மதிக்கவில்லை. அவர்களும் இங்கேதான் இருக்கிறார்கள்.

நாலாவது வாசிப்பு ஒரு முதியோர் இல்லத்தில், உயர்தரப் பிள்ளைகளையே கூட்டிக்கொண்டு போய். பிள்ளைகள் வாசித்தார்கள், இருபது பேரளவில் கேட்டார்கள். மூன்று பேர் நித்திரையானார்கள். ஒருவர் நடுவில் பாட்டு ஏதும் இல்லையோ என்று கேட்டார். ஒரு அம்மா கடுமையாகவே சொன்னார்: “இந்தக் காலத்திலை இரவிலை ஆர் பிள்ளை படலையைத் திறந்துவைக்கிறது? கள்ளர் வருவாங்கள்.” நாடகத்தின் கடைசிக் காட்சியே அதுதான்: பிள்ளைகள் எப்போதாவது வருவார்கள் என்று தாய் படலையைத் திறந்துவைத்துவிட்டு வாசலில் இருப்பது. இரண்டு வருடமாக எனக்கு மிகவும் பிடித்திருந்த காட்சி. ஒரே வசனத்தில் அது போய்விட்டது.

பிறகு, ஒன்றும் பேசாமல் இருந்த இன்னொரு அம்மா, லீவு இல்லை என்று மகள் சொல்லும் இடத்தைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். பிள்ளை வாசித்தாள். “அது பொய்யெண்டு தாய்க்குத் தெரியும்” என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். “தெரியாமல்? பெத்தவளல்லோ. ஆனால் கேக்கிறேல்லை. கேட்டால் அவள் பாவம், இன்னொரு பொய் சொல்லவேணும்.”

அன்று இரவு லண்டனுக்கு எடுத்து அந்தத் தோழிக்கு இதைச் சொன்னேன். கன நேரம் பேச்சில்லை. “அப்ப அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்குமோ?” என்று கேட்டாள். அவளுடைய தாயைப் பற்றி நான் எப்படிச் சொல்வது? எனக்குத் தெரியாது என்றுதான் சொன்னேன். “இருந்தாலும் அந்த அம்மா சொன்னதை எழுது” என்றாள்.

இப்போது கடைசிக் காட்சியில் தாய் இருட்டமுன் படலையைப் பூட்டுகிறார். பக்கத்து வீட்டுக்காரி கேட்கிறாள், பிள்ளைக்கு ஏன் லீவு இல்லையாம் என்று. அதற்குத் தாய் சொல்லும் பதில் இன்னும் எனக்குச் சரியாக வரவில்லை. மூன்று விதமாக எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் அவர் பேசுகிறார். ஒன்றில் கதையை மாற்றுகிறார். மற்றதில் திறப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறார்.

தேநீருக்குப் பிறகு நூலக மண்டபத்தில் அந்தக் காட்சியை மூன்று விதமாகவும் வாசிக்க இருக்கிறோம். தாயின் பாகத்தை வாசிக்க ஓர் அக்கா வேண்டும். நடித்துப் பழக்கம் இல்லாதவராக இருந்தால் நல்லது. எழுத்துருப் பிரதி பதினைந்து இருக்கிறது. கண்ணாடி கொண்டுவராதவர்களுக்குப் பெரிய எழுத்தில் அச்சடித்த பிரதிகள் நாலு தனியாக வைத்திருக்கிறேன், கேட்டு வாங்குங்கள். வாசித்து முடிந்ததும் நான் வாய் திறக்கமாட்டேன், நீங்கள் சொல்லுங்கள்.